உள்ளங்கைக்குள் ஒரு கேமரா: தாலின், ரீகா நாட்குறிப்பு

செப்டம்பர் 9, திங்கள், தாலின்

தம்பி எஸ்டோனியாவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. "ஒரு தடவையாவது வாக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவனைப் பார்ப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் கைப்பையில் இருந்தது, ஒரு மினாக்ஸ் பி. சென்னையில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எட்டு வருடத்துக்கு முன் வாங்கியது. மூடி வைத்தால் ஒரு சூயிங்கம் பாக்கெட் அளவுதான் இருக்கும். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் லென்ஸும் வியூஃபைண்டரும் வெளியே வரும், படம் எடுத்துவிட்டுத் தள்ளி மூடித் திரும்ப இழுத்தால் ஃபிலிம் அடுத்த படத்துக்கு நகர்ந்திருக்கும். என்னுடையது ஜெர்மனியில் செய்தது. ஆனால் இந்தக் கேமரா கருவானது எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில், பிறந்தது பக்கத்து நாடான லாத்வியாவின் ரீகாவில். அந்த இரண்டு ஊரையும் பார்த்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

வழியில் ஒரு விமான நிலையத்திலேயே முதல் அடி விழுந்தது. ஃபிலிம்களை ஸ்கேனரில் விடாமல் கையால் சோதிக்க முடியுமா என்று கேட்டேன். அந்த அதிகாரி ஒத்துக்கொண்டார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மினாக்ஸ் ஃபிலிம் கேசட்டை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. பாலம் போட்டு இணைத்த இரண்டு சிறிய டப்பாக்கள் மாதிரி இருக்கும் அது. உள்ளே என்ன என்று பார்க்க ஒன்றின் மூடியை நகத்தால் நெம்பிவிட்டார். நான் "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவதும் திறந்துவிட்டது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபிலிமை இருட்டில் உட்கார்ந்து 9.2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கிழித்து நானே சுற்றிக் கொண்டுவந்தவை. ஐந்தில் இரண்டு போயின. விமானத்தில் ஏறிய பிறகும் மனசு ஆறவில்லை.

தாலினில் இறங்கும்போது பன்னிரண்டு டிகிரி. தம்பி ரசம் வைத்திருந்தான்.

செப்டம்பர் 10, செவ்வாய், தாலின்

நாள் முழுக்கத் தூறல். பழைய நகரத்தின் உருளைக்கல் பாதையில் சாதாரணச் செருப்போடு நடக்கவே முடியாது. மதியத்துக்குள் காலுறை நனைந்து குளிர் முழங்கால் வரை ஏறிவிட்டது. காளான் சூப்பும் கறுப்பு ரொட்டியும் ஏழு யூரோ. ரொட்டியை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் கூடக் காசு வாங்காமல் கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் பேசுவது குறைவு. வண்டியே வராத தெருவில்கூட சிவப்பு விளக்கு மாறும் வரை மழையில் அசையாமல் நிற்கிறார்கள். என் குடை காற்றில் மடங்கிக்கொண்டபோது பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எதுவும் சொல்லாமல் தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 11, புதன், தாலின்

நகர மன்றக் கட்டடத்துக்குப் பின்புறச் சந்தில், ஒரு காலத்தில் சிறையாக இருந்த பழைய கல் வீட்டில் புகைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. சுவர் அவ்வளவு தடிமன், உள்ளே போனதும் தெருச் சத்தம் அப்படியே அடங்கிவிடுகிறது. தம்பியும் கூடவே வந்தான், அரை நாள் லீவு போட்டுவிட்டு.

மினாக்ஸை உருவாக்கிய வால்டர் ட்ஸாப் 1905ல் ரீகாவில் பிறந்தவர், பால்டிக் ஜெர்மானியர், அதாவது இந்தப் பக்கத்து நாடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மானிய வம்சம். இளைஞனாகத் தாலினுக்கு வந்து ஒரு புகைப்படக்காரரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பொறியியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்தக் காலக் கேமரா என்றால் பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடு. அதையெல்லாம் தூக்கிச் சுமந்த பையனுக்கு, எங்கே போனாலும் சட்டைப் பையில் கூடவே வரும் ஒரு கேமரா வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவர் முதலில் வரைபடம் போடவில்லை. மரத்துண்டுகளைச் செதுக்கிக் கைக்குள் வைத்து மூடிப் பார்த்தார். கைக்கு எது இதமாக உட்காருகிறதோ அதுதான் கேமராவின் அளவு என்று முடிவு செய்தார். உள்ளே வைக்க வேண்டிய லென்ஸ், ஷட்டர், ஃபிலிம் எல்லாவற்றையும் அந்த அளவுக்குள் அடக்க வேண்டியதாயிற்று. நெகட்டிவ் வெறும் 8க்கு 11 மில்லிமீட்டர். சாதாரண முப்பத்தைந்து மில்லிமீட்டர் நெகட்டிவின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

ஒரு தச்சர் நாற்காலி செய்கிற மாதிரிதான் இதுவும். உட்காருகிறவர் முதுகில் தொடங்கி மரத்துக்கு வருவது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு ட்ஸாப் மேல் பெரிய மரியாதை.

தனி ஆளாக அவரால் செய்திருக்க முடியாது. ரிச்சர்ட் யூர்கென்ஸ் பணம் போட்டார். நண்பர் நிக்கோலாய் நீலாண்டர் மினாக்ஸ் என்று பெயர் வைத்தார். ஹான்ஸ் எப்னர் என்ற நுண்கருவிக் கைவினைஞர் தாலினில் தன் பட்டறையில் மாதிரியைச் செய்து கொடுத்தார். 1936ல் அது படம் எடுத்தது. இதை ஜெர்மனியின் ஆக்ஃபா நிறுவனத்துக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், அங்கே வேண்டாம் என்றுவிட்டார்கள். சில ஆட்களும் ஒரு பட்டறையும், அவ்வளவுதான் அப்போதைய மினாக்ஸ்.

என் கேமராவைத் தம்பி கையில் வாங்கி இழுத்தான், தள்ளினான்.

"அக்கா, இதுல ஜூம் பண்ண முடியுமா?"

"முடியாதுடா. நாமதான் கிட்ட போகணும்."

அப்புறம் அவன் ரொம்ப நேரம் கண்ணாடிப் பெட்டி முன்னாலேயே நின்றான். வெளியே வந்ததும், "இது நம்ம ஊர்லயே இருந்தும் எனக்குத் தெரியலையே" என்றான். நம்ம ஊர் என்று தாலினைச் சொன்னதை அவன் கவனிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது.

செப்டம்பர் 12, வியாழன், தாலினிலிருந்து ரீகா

பேருந்தில் நாலரை மணி நேரம். பைன், பிர்ச், பைன், அவ்வப்போது அறுவடை முடிந்த வயல். எல்லையில் யாரும் நிறுத்தவில்லை. பெயர்ப்பலகையில் எழுத்து மாறியது, அவ்வளவுதான்.

ஜன்னலோரம் எழுபதைத் தாண்டிய ஒருவர். ரீகாக்காரர். பையிலிருந்து ஆப்பிள் எடுத்துச் சட்டையில் துடைத்து எனக்கு ஒன்று நீட்டினார். சொந்தத் தோட்டத்து ஆப்பிளாம். புளிப்பு கண்ணைக் கூச வைத்தது, ஆனால் கடைசிக் கடி வரை மணம். நானும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒன்றை எடுத்து முகர்ந்து, உடைத்து, மெல்ல மென்று, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கண்ணாலேயே கேட்டார்.

கேமராவைக் காட்டி "ரீகா, வெஃப்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா வெஃப் தொழிற்சாலையில் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தவராம். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், கையசைவில், சொல்லிக்கொண்டே வந்தார். வெஃப் என்பது லாத்வியாவின் அரசு மின்தொழில்நுட்பத் தொழிற்சாலை என்பதன் சுருக்கம். 1930களில் ரேடியோ, தொலைபேசி முதல் விமானம் வரை செய்திருக்கிறார்கள். 1918ல் விடுதலை அறிவித்த ஒரு சின்ன நாடு, தன் கையாலேயே எல்லாம் செய்துகொள்ள வேண்டும் என்ற வேகத்தில் இருந்த காலம். ட்ஸாப்பும் யூர்கென்ஸும் 1936ல் தங்கள் மாதிரியை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். பெரிய ஜெர்மன் கம்பெனி வேண்டாம் என்றதை, கேமராவே செய்து பழக்கமில்லாத இந்தத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. அந்த வருடமே ஒப்பந்தம். 1937ல் உற்பத்தி.

அம்மாவிடம் இந்தக் கேமரா இருந்ததா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். அவ்வளவு விலை கொடுத்து வாங்க முடியாது என்று விரல்களைத் தேய்த்துக் காட்டினார். பெரியவர் ரீகாவில் இறங்கும்போது மீதி ஆப்பிள்களை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 13, வெள்ளி, ரீகா

காலையில் சந்தை. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் செப்பலின் வான்கப்பல்களுக்காகக் கட்டிய கொட்டகைகளின் பாகங்களைக் கொண்டு எழுப்பிய ஐந்து பெரிய மண்டபங்கள். 1930ல் சந்தையாகத் திறந்திருக்கிறார்கள். மீன் மண்டபத்துக்குள் நுழைந்ததும் புகைபோட்ட மீனின் வாசம். எனக்குச் சட்டென்று நாகப்பட்டினத்துக் கருவாட்டுக் கடை ஞாபகம் வந்தது, கூடவே கொஞ்சம் கட்டைப் புகை.

சாப்பிட்டது சாம்பல் பட்டாணி. பெயர்தான் சாம்பல், பார்க்க நம்ம கறுப்புக் கொண்டைக்கடலை மாதிரி பழுப்பாக, குண்டாக இருக்கிறது. வேகவைத்துப் பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் வதக்கிப் போடுவார்கள். நான் கறி வேண்டாம் என்று சைகை காட்டினேன். கடைக்கார அம்மா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு வேறு சட்டியில் வெண்ணெய் விட்டு வெங்காயம் மட்டும் வதக்கி, பட்டாணியைப் போட்டுக் கிளறி, பக்கத்தில் ஒரு டம்ளர் கெஃபிர் வைத்தார். சுண்டலும் மோரும்தான். ஐந்து யூரோ. எனக்காக அடுப்பைத் திரும்பப் பற்றவைத்ததற்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

மதியம் பழைய நகரத்தில் லாத்வியப் புகைப்பட அருங்காட்சியகம். மினாக்ஸ் இங்கே ஊர்ப் பிள்ளை. ரீகா மினாக்ஸின் உடம்பு துருப்பிடிக்காத எஃகு. எட்டு சென்டிமீட்டர் நீளம், சுமார் 125 கிராம். 15 மில்லிமீட்டர் மினோஸ்டிக்மாட் லென்ஸ், துளை அளவு எஃப் 3.5, அது மாறாது. வெளிச்சத்தை ஷட்டரின் வேகத்தால் மட்டும்தான் சரிசெய்ய வேண்டும், அரை விநாடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை. ஃபோகஸ் இருபது சென்டிமீட்டரில் தொடங்கும். கிட்டப் போகப் போக, கண் பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும் விலகிவிடாமல் வியூஃபைண்டரே கூடவே நகர்ந்து சரிசெய்துகொள்ளும். இத்தனையும் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குள்.

அங்கே பணியில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என் மினாக்ஸைப் பார்த்ததும் தன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் வாங்கினார். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கும் முதல் கேள்வி "இது உளவாளிக் கேமராதானே" என்பது என்றார். அவர் முகத்தில் இருந்த வருத்தம் என்னுடையதும்தான். உளவாளிகள் பயன்படுத்தினார்கள், உண்மை. கேமராவோடு ஒரு சங்கிலி வரும். அதில் குறிப்பிட்ட தூரங்களில் மணி கோத்திருக்கும். மணியைத் தாளின் மேல் வைத்து இழுத்துப் பிடித்தால் தூரம் அளந்தாயிற்று, எழுத்து துல்லியமாக விழும். ஆவணங்களைப் படமெடுக்க அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஆனால் ட்ஸாப் அதற்காகச் செய்யவில்லை. குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும்போது கேமரா அலமாரியில் இல்லாமல் அப்பாவின் பையில் இருக்க வேண்டும், அதற்காகச் செய்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இன்று நாம் எல்லோரும் சட்டைப் பையில் கேமராவோடு திரிகிறோம். அந்த எண்ணத்தைத் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் மரத்துண்டில் செதுக்கியவரை உளவாளிக் கதைகளுக்குள் தொலைத்துவிட்டோம்.

இரவு சாப்பாடு ரொட்டியும் பேருந்துப் பெரியவரின் ஆப்பிளும். காலில் கொப்புளம்.

செப்டம்பர் 14, சனி, ரீகா

டிராமில் வெஃப் நிறுத்தம் வரை போனேன். ஏறியதும் தப்பான திசை என்று தெரிந்து இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி, இருபது நிமிடம் வீண். வெயில் எட்டிப் பார்த்திருந்ததால் கோபம் வரவில்லை. தொழிற்சாலைக் கட்டடங்கள் நிற்கின்றன. உள்ளே இப்போது அலுவலகங்கள், கடைகள். சோவியத் காலத்தில் ஸ்பீடோலா டிரான்சிஸ்டர் ரேடியோவால் இந்த இடத்தின் பெயர் அந்தப் பெரிய நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேலைக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். காவலாளி மட்டும் அருகே வந்து உதவி வேண்டுமா என்று கேட்டார், கேமராவைக் காட்டியதும் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ரீகாவில் சுமார் 17,000 மினாக்ஸ் செய்திருப்பார்கள். 1940ல் சோவியத் படை நுழைந்தது. அடுத்த வருடம் ஜெர்மன் படை. கொடி மாற மாற, கேமராவின் முதுகில் பொறித்த வாசகமும் மாறியது. 1941ல் ட்ஸாப் பிறந்த ஊரை விட்டுப் பல பால்டிக் ஜெர்மானியர்களைப் போலவே ஜெர்மனிக்குப் போனார். 1943ல் இங்கே உற்பத்தி நின்றது.

மாலையில் பழம்பொருள் கடை ஒன்றில் அதைக் கண்டேன். மர அலமாரியில், பாக்கெட் கடிகாரங்களுக்கு நடுவே. கடைக்காரர் பெரிய மீசைக்காரர், அதிகம் பேசாதவர். எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் கேமராவின் அலுமினியம் பழகிய கைக்கு அந்த எஃகின் கனம் திகைப்பாக இருந்தது. ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி குளிர்ச்சி. இழுத்தேன். என்னுடையது 'சடக்' என்று திறக்கும். இது எண்ணெயில் வழுக்குகிற மாதிரி நழுவி வந்து, கடைசியில் மட்டும் மெல்லிய ஒரு 'டிக்'. எண்பது வருடத்துக்கு மேல் ஆன பொருள்! திருப்பிப் பார்த்தேன். சோவியத் ஒன்றியத்தில் செய்தது என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தது. அப்படியென்றால் சோவியத் ஆட்சி நடந்த அந்தச் சொற்ப மாதங்களில், நான் காலையில் கை வைத்து நின்ற சுவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் இதைப் பூட்டி முடித்திருக்கிறார்.

விலை ஆயிரத்து நூறு யூரோ. ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை, பொருளைத் திருப்பி வாங்க அவசரப்படவும் இல்லை. ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, அதன் மேல் கேமராவை வைத்துக்கொண்டு, அப்படியே ஆடாமல் நின்றார். என் சங்கிலியின் மணியை அவர் விரல் நுனிவரை இழுத்து தூரம் அளந்தேன். ஐம்பதில் ஒரு விநாடி. பயத்தில் மூன்று படம் எடுத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு, ரீகா

காலையில் மறுபடி மழை. விடுதிச் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கருப்பு ரொட்டி இரண்டு கட்டு வாங்கியாயிற்று, ஒன்று தம்பிக்கு.

மீதிக் கதை ஜெர்மனியில். 1945ல் ட்ஸாப்பும் யூர்கென்ஸும் வெட்ஸ்லாரில் மினாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பணத்துக்குச் சுருட்டுக் கம்பெனி ஒன்று கைகொடுத்தது. கீஸ்ஸனுக்குப் பக்கத்தில் ஹோய்ஷல்ஹைம் என்ற சின்ன ஊரில் தொழிற்சாலை. 1948ல் அலுமினிய உடம்போடு கேமரா மறுபடி வெளிவந்தது. 1950ல், கருத்து வேறுபாட்டில், ட்ஸாப் தான் தொடங்கிய அந்த நிறுவனத்தை விட்டே வெளியேறினார். 1958ல் வெளிச்சமானி சேர்த்து வந்தது என் கையிலிருக்கும் பி. செலினியம் தகடு, பேட்டரி கிடையாது, இன்றும் சரியாகக் காட்டுகிறது. 1996ல் நிறுவனம் லைக்கா என்ற ஜெர்மன் கேமரா நிறுவனத்தின் கைக்குப் போனது. ட்ஸாப் 2003ல், 97 வயதில், சுவிட்சர்லாந்தில் காலமானார்.

மற்ற பழைய கேமரா நிறுவனங்களின் கதையில் முதலாளிகளும் பங்குகளும்தான் அதிகம் வருவார்கள். மினாக்ஸின் கதையை நினைக்கும்போது எனக்கு எப்னரின் பட்டறை மேசையும், இழைத்துப் போட்ட மரச்சுருளும்தான் கண்ணில் வருகின்றன.

செப்டம்பர் 28, சனி, வீடு

குளியலறையில் கதவிடுக்கை எல்லாம் துணியால் அடைத்து, ஃபிலிமைக் கழுவினேன். மூன்று கேசட்டில் ஒன்றில் பாதி புகை மூட்டம், எங்கேயோ ஒளி கசிந்திருக்கிறது. தாலின் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. தம்பி அருங்காட்சியகத்தில் நின்றது, குடை பிடித்த அம்மா போன முதுகு, எதுவும் தேறவில்லை.

கடைக்காரர் கைப்படம் மூன்றில் இரண்டு ஆடிவிட்டது. மூன்றாவதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி லூப் என்ற சின்ன உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். விரல் கணுக்களின் சுருக்கம், நகத்தோரம் ஒரு கீறல், எஃகில் ஜன்னலின் நீளமான வெளிச்சம். பொறித்த எழுத்துகளில் கடைசி மூன்றை வாசிக்க முடிகிறது. தம்பிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். "அக்கா, அடுத்த வருஷம் ரீகாவுக்கு நானும் வரேன்" என்று பதில் வந்திருக்கிறது.